இழந்த வேலைகள் திரும்பினவா? நியூயார்க் மாநகர வேலைவாய்ப்புக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநகர நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கோவிட் பெருந்தொற்றின்போது தனியார் துறையில் பறிபோன ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் வேலைகளும் திரும்பிவிட்டன என்றும், கணித்திருந்ததைவிட ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே இந்த நிலையை எட்டியாயிற்று என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அன்றைக்குக் கையில் இருந்த மதிப்பீட்டின்படி அந்தக் கூற்று சரியானதே. ஆயினும், 2020 மார்ச் மாதத்தில் வேலை பறிபோன உணவக ஊழியரும் துணிக்கடை விற்பனையாளரும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று அதை ஒருவர் புரிந்துகொண்டிருந்தால், அந்த எண் சொல்லாத ஒன்றை அவர் அதன் வாயில் திணித்துப் படித்திருக்கிறார். அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் என்னென்ன அடங்கியிருந்தன, என்னென்ன அடங்கவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எண்ணப்பட்டது எது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மாநில அரசுகளுடன் சேர்ந்து மாதந்தோறும் நடத்தும் சம்பளப் பட்டியல் கணக்கெடுப்பிலிருந்தே இந்த எண் வருகிறது. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இதற்குத் தகவல் தருகின்றன. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் கேட்கப்படும் முதன்மையான கேள்வி மிகச் சிறியது: இந்த மாதத்தின் 12ஆம் தேதி எந்தச் சம்பளக் காலத்துக்குள் வருகிறதோ, அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள்? அவர் சம்பளப் பட்டியலைத் திறந்து, தலைகளை எண்ணி, ஓர் எண்ணை எழுதி அனுப்புகிறார். அந்தக் காலத்தில் எண்பது மணி நேரம் உழைத்தவரும் அந்தப் பட்டியலில் ஒரு வரி; ஆறு மணி நேரம் மட்டும் வந்துபோனவரும் ஒரு வரி. பகலில் ஓரிடத்திலும் இரவில் வேறிடத்திலும் வேலை செய்பவர் இரண்டு பட்டியல்களில் இடம்பெறுவதால் இரண்டு வேலைகளாகக் கணக்கில் ஏறுகிறார். ஆக, இங்கே எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, சம்பளப் பட்டியலின் வரிகள். செய்திகளில் 'இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது' என்று எழுதும் வழக்கம் பரவலாக இருப்பதால், இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, எந்தப் புள்ளியோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி. 2020 பிப்ரவரியில் அந்த மாநகரத்தின் தனியார் துறையில் சுமார் 41 லட்சம் வேலைகள் இருந்தன. இரண்டே மாதங்களில் ஒன்பதரை லட்சம் மறைந்தன என்றால், அது 23 சதவீதச் சரிவு. மிஞ்சிய 31.5 லட்சத்திலிருந்து பழைய நிலைக்கு ஏற வேண்டுமானால் 30 சதவீத வளர்ச்சி தேவை. இறங்கியதும் ஏறியதும் ஒரே தொலைவுதான். ஆனால் அடித்தளம் சுருங்கிவிட்டதால் ஏறும்போது சதவீதம் பெருத்துத் தெரிகிறது. 2021, 2022ஆம் ஆண்டுகளைப் பற்றி வெளிவந்த 'வரலாறு காணாத வேலைவாய்ப்பு வளர்ச்சி' என்ற தலைப்புகளில் பெரும்பகுதி இந்தக் கணித விளைவிலிருந்து பிறந்தவை. பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால் எந்த மேடும் மலையாகத் தோன்றும்.

பிப்ரவரி 2020ஐ இலக்காக வைப்பதிலும் ஒரு குறை உண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இந்த மாநகரம் 9 லட்சத்துக்கும் அதிகமான வேலைகளைச் சேர்த்திருந்தது. சராசரியாக ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்தது. பெருந்தொற்று வராமல், அதில் பாதி வேகத்தில், அதாவது ஆண்டுக்கு ஒரு சதவீதம் மட்டுமே வளர்ந்திருந்தாலும்கூட, மூன்றரை ஆண்டுகளில் தனியார் துறையில் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய வேலைகள் கூடியிருக்கும். பழைய அளவை எட்டிவிட்டோம் என்பதும், இருந்திருக்க வேண்டிய அளவை எட்டிவிட்டோம் என்பதும் ஒன்றல்ல. நாடு முழுமையும் தன் பழைய அளவை 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே எட்டிவிட்டது என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தால், மாநகரம் எவ்வளவு பின்தங்கி வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

மொத்த எண்ணை விட்டுவிட்டுத் துறைவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் மையமான வேலை. 2020 வசந்தத்தில் மிகக் கொடூரமாக அடிபட்டவை உணவகம், தங்கும் விடுதி, கலை, பொழுதுபோக்குத் துறைகள். அவற்றின் வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓரிரு மாதங்களில் காணாமல் போயிற்று. 2023 இறுதியில், 'எல்லாம் திரும்பிவிட்டது' என்று அறிவிக்கப்பட்ட அந்த வேளையிலும், இத்துறைகள் தங்கள் பழைய அளவுக்குக் கீழேயே இருந்தன. கட்டுமானமும் அப்படியே. சில்லறை வணிகத்தின் நிலை இன்னும் மோசம்: பெருந்தொற்றுக்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பவே இல்லை. கல்லூரிப் படிப்பு இல்லாத இளைஞரும் புதிதாகக் குடியேறியவரும் முதற்படியாகக் கால் வைக்கும் துறைகள் இவை. இவற்றின் பள்ளத்தை நிரப்பி மொத்த எண்ணைச் சமன் செய்தவை வேறு துறைகள். அலுவலகம் சார்ந்த சில தொழில்கள் கூடின. ஆனால் எல்லாவற்றையும் விஞ்சி வளர்ந்தது மருத்துவப் பராமரிப்பும் சமூக உதவியும் சேர்ந்த துறை. அதற்குள்ளும் முன்னணியில் இருந்தது, முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் அவர்கள் வீட்டிலேயே உதவும் பராமரிப்புப் பணி.

இந்தப் பணி எப்படி வளர்ந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குறைந்த வருமானம் உள்ளோருக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டின் கீழ், நியூயார்க் மாநிலத்தில் 1990களிலிருந்து ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்புத் தேவைப்படுபவர் தனக்கு வேண்டிய உதவியாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம்; அவர் சொந்த மகளாகவும் இருக்கலாம். சம்பளத்தை ஓர் இடைநிலை நிறுவனம் மெடிக்கெய்ட் பணத்திலிருந்து வழங்கும். ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நடமாட முடியாத தாயைக் காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, சாப்பிட வைத்து, இரவில் படுக்க வைக்கும் மகள் பல ஆண்டுகளாக அதைச் சம்பளமின்றிச் செய்துவருகிறார். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு நாள் அவர் இத்திட்டத்தில் பதிவு செய்துகொள்கிறார். மறுநாளும் அதே அறை, அதே தாய், அதே வேலை. ஆனால் இப்போது ஒரு சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஒரு வரியாக ஏறியிருப்பதால், மாநகரத்தின் வேலை எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கிறது.

இதைச் சொல்வது அந்த உழைப்பின் மதிப்பைக் குறைப்பதற்காக அல்ல. இதுநாள் வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உழைப்புக்குக் கூலி கிடைப்பது நியாயமானது. அது வேலையாக எண்ணப்படுவதும் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் பொருளாதாரத்தின் துடிப்பை அளக்க முற்படும் ஒருவர், சந்தையில் தேவை பெருகி ஒரு முதலாளி ஆள் சேர்த்ததால் கூடிய வேலையையும், பொதுப்பணத் திட்டம் ஒன்றின் பதிவேடு விரிந்ததால் கூடிய வேலையையும் ஒன்றாகக் கருத இயலாது. முன்னது வட்டி விகிதத்துக்கும் நுகர்வோர் செலவுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். பின்னது மக்கள்தொகையின் வயதுக்கும், மாநில வரவுசெலவுத் திட்டத்தில் எடுக்கப்படும் முடிவுக்கும் ஏற்ப அசையும். பின்னதை வைத்துக்கொண்டு முன்னது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் இந்த நிகழ்வில் பலர் செய்த தவறு.

ஊதியத்தைச் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. 2024இல் மாநகரத்தில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளருக்கான சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 18.55 டாலர். வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் ஆண்டு முழுதும் உழைத்தால் 38,584 டாலர் வரும்; ஆனால் இத்தொழிலில் பலருக்கு முழு நேர வேலை கிடைப்பதில்லை. அதே ஆண்டில் வால் ஸ்ட்ரீட்டின் பங்கு வணிக நிறுவனங்களில் சராசரி ஊதியம், ஊக்கத்தொகை உட்பட, ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இத்துறையில் இருப்பவை சுமார் இரண்டு லட்சம் வேலைகள். மாநகரத் தனியார் வேலைகளில் அவை ஏறத்தாழ ஐந்து சதவீதம். தனியார் ஊதியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டில் பங்கு வணிகத்தில் ஆயிரம் வேலைகள் குறைகின்றன, வீட்டுப் பராமரிப்பில் ஐயாயிரம் முழுநேர வேலைகள் கூடுகின்றன. நிகரமாக நாலாயிரம் வேலைகள் வளர்ச்சி என்று செய்தி வரும். ஊதியத்திலோ, 50 கோடி டாலர் வெளியேறி 19 கோடி டாலர் மட்டுமே உள்ளே வந்திருக்கும். வேலை எண்ணிக்கை ஏறிய அதே ஆண்டில் மாநகரத்தின் ஊதிய வருமானம் 31 கோடி டாலர் சுருங்கியிருக்கும். இதற்கு நேர்மாறும் நடக்கலாம்: எண்ணிக்கை அசையாமல் இருக்க, ஒரு நல்ல ஊக்கத்தொகைப் பருவம் வந்து வரி வசூல் பொங்கலாம். வேலை எண்ணிக்கையை மட்டும் வைத்து வரவுசெலவுத் திட்டத்தைக் கணிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

வரி என்று வந்த பிறகு, வேலை இருக்கும் இடத்துக்கும் ஆள் குடியிருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. சம்பளப் பட்டியல் கணக்கெடுப்பு, வேலை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. நியூஜெர்சியிலிருந்தும் லாங் ஐலண்டிலிருந்தும் பிற புறநகர்களிலிருந்தும் பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குப் பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள் மாநகரத்துக்குள் வேலைக்கு வந்து போனார்கள். அவர்களுடைய வேலைகளெல்லாம் மாநகரத்தின் கணக்கில்தான் சேரும். ஆனால் மாநகரம் விதிக்கும் தனிநபர் வருமான வரி, அங்கே குடியிருப்பவரிடம் மட்டுமே வசூலாகிறது. வெளியிலிருந்து வருவோர் மீதான வரி 1999இல் நீக்கப்பட்டது. மறுபுறம், வேலையின்மை விகிதம் குடியிருப்போரைக் கேட்டுப் பெறப்படும் வீட்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. எனவே இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. 2023இல் நாட்டின் வேலையின்மை விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க, மாநகரத்தில் அது 5 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. வேலைகள் எல்லாம் திரும்பிவிட்டன என்றால் வேலை தேடுவோர் ஏன் குறையவில்லை என்று கேட்டவர்களுக்கு, விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. இன்னொரு பகுதி, வேலை தேடிக் களத்தில் இறங்கியோரின் விகிதமே அந்த ஆண்டுகளில் உயர்ந்தது என்பது. தேடாமல் இருந்தவர் தேடத் தொடங்கும் நாளில், வேலையில்லாதவர் பட்டியலில் ஒருவர் கூடுகிறார். அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் இந்தக் குழப்பத்தை ஒரு படி கூட்டியது. மன்ஹாட்டன் அலுவலகத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆள் வாரத்தில் மூன்று நாள் நியூஜெர்சியில் தன் வீட்டு மேசையில் இருக்கிறார். வேலை மாநகரத்தின் கணக்கில் முழுமையாக நிற்க, அவர் மதிய உணவு வாங்கிய கடைக்கு வாரத்தில் மூன்று நாள் வாடிக்கையாளர் இல்லை. அலுவலக வேலைகள் திரும்பிய பிறகும் அவற்றைச் சுற்றியிருந்த உணவகங்களும் கடைகளும் தங்கள் ஆட்களைத் திரும்ப அழைக்காததன் காரணங்களில் இது முக்கியமானது. முன்பு ஒரு அலுவலக வேலை தன்னைச் சுற்றிலும் எத்தனை சிறு வேலைகளைத் தாங்கியதோ, அத்தனையை இப்போது தாங்கவில்லை.

கணக்குக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. சுயதொழில் செய்வோர் சம்பளப் பட்டியலில் வருவதில்லை. செயலி வழியே உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர் மட்டும் இந்த மாநகரத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் என்பது மாநகரத் துறையின் மதிப்பீடு. சட்டம் அவர்களைத் தனி ஒப்பந்தக்காரர்களாகவே கருதுகிறது. உணவகத்தில் வேலை பறிபோன ஒருவர் அடுத்த வாரமே மிதிவண்டியில் உணவு கொண்டுபோகத் தொடங்கினால், புள்ளிவிவரத்தில் ஒரு வேலை குறைந்தது மட்டுமே பதிவாகும். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் இதே நிலைதான்.

இனி, எண்ணின் உறுதியைப் பற்றி. ஒவ்வொரு மாதமும் வெளியாவது மாதிரிக் கணக்கெடுப்பின், அதாவது எல்லா நிறுவனங்களையும் கேட்காமல் ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் பெறுவதன், மதிப்பீடு. நாடு முழுமைக்குமான மாதாந்தர மாற்றத்துக்கே, 90 சதவீத நம்பகத்தன்மையில், பிழை வரம்பு ஏறத்தாழ 1.3 லட்சம் வேலைகள் என்று பணியகமே சொல்கிறது. நாட்டில் ஒரு மாதம் 50,000 வேலைகள் கூடின என்றால், உண்மையில் 80,000 குறைந்திருக்கவும் 1,80,000 கூடியிருக்கவும் இடமுண்டு. ஒரு மாநகரத்தின் மாதிரி அதைவிடப் பன்மடங்கு சிறியது. ஆகவே, 'மாநகரத்தில் சென்ற மாதம் 3,000 வேலைகள் கூடின' என்ற செய்தியைப் பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்றாகவே கொள்ள வேண்டும். ஒரு மாத எண்ணைத் தனியாக எடுத்து விளக்கம் எழுதுவதை நான் ஏற்பதில்லை. குறைந்தது மூன்று மாதச் சராசரியாவது வேண்டும்.

மாதிரிக்குப் பின்னால் வருவது ஆண்டுத் திருத்தம். வேலையின்மைக் காப்பீட்டு வரி செலுத்தும் நிறுவனங்கள் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் பதிவேடுகள், நாட்டின் வேலைகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை உள்ளடக்கியவை. அவை மாதிரி அல்ல, ஏறக்குறைய முழு எண்ணிக்கை. ஆனால் கைக்கு வர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை, மாநிலங்களுக்கும் மாநகரங்களுக்கும் மார்ச் மாதத்தை ஒட்டி, பழைய மதிப்பீடுகள் இந்தப் பதிவேடுகளோடு ஒட்டிப் பார்க்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில், புதிதாகத் திறந்த கடைகளையும் மூடிப்போன கடைகளையும் கணக்கெடுப்பு உடனடியாகப் பிடிக்க முடியாது என்பதால், அவற்றுக்கு ஒரு கணித மதிப்பீட்டால் ஈடு செய்கிறார்கள். பொருளாதாரம் ஒரே சீராகப் போகும்போது அந்த ஈடு நன்றாகவே பொருந்தும். திசை திரும்பும் இடத்தில்தான், அதாவது நமக்கு எண் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான், அது வழுவும். தேசிய அளவில் 2024 மார்ச் மாத எண்ணுக்கு 8,18,000 வேலைகள் குறைக்கப்படும் என்று அந்த ஆகஸ்டில் முதற்கட்டமாக அறிவிக்கப்பட்டது. இறுதித் திருத்தம் சுமார் ஆறு லட்சத்தில் நின்றது. திருத்தத்துக்கே திருத்தம் வந்தது. 2023 அக்டோபரின் மாநகர அறிவிப்பும் இப்படித் திருத்தத்துக்குக் காத்திருந்த எண்களின் மீதே கட்டப்பட்டது. அது தவறல்ல. அந்தக் காத்திருப்பை அறிவிப்பில் சொல்லாமல் விட்டதுதான் குறை.

திருத்தம் என்பது நேர்மையின் அடையாளம். அதை மோசடியின் அடையாளமாகப் படிப்பது பெருந்தவறு. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி, முந்தைய இரு மாதங்களின் தேசிய எண்கள் சேர்ந்து 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டன. அன்றே அமெரிக்க அதிபர் பணியகத்தின் ஆணையரைப் பதவிநீக்கம் செய்தார். எண்கள் திரிக்கப்பட்டவை என்று அதிபர் கூறியதற்கு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. தாமதமாக வந்த நிறுவனங்களின் பதில்களைச் சேர்த்துக்கொள்வதுதான் மாதாந்தரத் திருத்தத்தின் பெரும்பகுதி. தாமதமாகப் பதில் தருவோரின் நிலைமை, முந்திக்கொண்டு தந்தோரின் நிலைமையிலிருந்து வேறுபட்டால் எண் மாறத்தான் செய்யும்.

பருவகாலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விழாக்கால விற்பனை முடிந்ததும் ஜனவரியில் கடைகள் தற்காலிக ஆட்களை அனுப்பிவிடும். ஆகவே இத்தகைய பருவகால ஏற்ற இறக்கத்தைக் கழித்துச் சரிக்கட்டப்படாத எண்களில் டிசம்பரையும் ஜனவரியையும் ஒப்பிடுவது பயனற்றது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் இச்சிக்கல் தீரும், ஆனால் சரிவு தொடங்கிய மாதம் அந்த ஒப்பீட்டில் புதைந்துபோகும். வேலைநிறுத்தமும் இப்படி ஒரு பொய்த் தோற்றத்தை உண்டாக்கக்கூடியது. சம்பளக் காலம் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இருப்பவர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. 2023இல் திரைப்பட எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, படப்பிடிப்பு நிறைய நடக்கும் நியூயார்க்கில் அத்துறையின் எண் சரிந்தது. நவம்பரில் நடிகர்கள் திரும்பியபின் வந்த ஏற்றத்தைப் புதிய வளர்ச்சி என்று கொள்வதற்கில்லை.

வீட்டுப் பராமரிப்புத் திட்டத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதன் கதை அங்கே நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான இடைநிலை நிறுவனங்கள் வழியாக நடந்துவந்த சம்பளப் பட்டுவாடாவை, 2025 ஏப்ரல் முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் மாற்றத்தை மாநிலம் தொடங்கியது. வேலைவாய்ப்புக் கணக்கைப் படிப்பவருக்கு இது மிக முக்கியமான தேதி. பழைய நிறுவனத்தின் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய மாதமும் புதிய நிறுவனத்தின் பட்டியலில் ஏறிய மாதமும் வேறுவேறாக இருந்தால், இடையில் ஒரு சரிவு தெரியும். புதிய நிறுவனம் வேறு தொழில் வகையிலோ வேறு முகவரியிலோ பதிவாகியிருந்தால், அந்தச் சரிவு மாநகரத்தின் கணக்கில் நிலைத்தே போகலாம். 2025 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட்டு மாநகரப் பொருளாதாரம் சுணங்குகிறது என்று எழுதப் போகிறவர், வீட்டுப் பராமரிப்பைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். தாயைக் குளிக்க வைக்கும் அந்த மகள் அதே அறையில் இருக்க, எண் மட்டும் இடம் மாறியிருக்கக்கூடும்.